வைட்டமின்தானே!

“வைட்டமின்தானே! ஏற்றிப் பார்த்தால் என்ன கெட்டுவிடப் போகிறது?” கல்லீரலில் புற்று முற்றிவிட்டதென்று அறிந்த வீடுகளில் எழும் கேள்வி இது. அந்த ஆசையைப் பழிப்பதற்கில்லை. ஆனால் அதற்கு விடை கூறவேண்டியது பரீட்சையே.

1976-ம் வருஷத்தில், ஸ்காத்லாந்து தேசத்து ரண வைத்தியர் யூவன் காமெரனும், இருமுறை நோபல் பரிசு பெற்ற அமெரிக்க ரசாயன நிபுணர் லைனஸ் பாலிங்கும் ஓர் ஆச்சரியமான செய்தியை வெளியிட்டனர். ‘ஸி’ வைட்டமின் பெற்ற 100 புற்றுநோயாளர், பெறாதவர்களைவிட நான்கு மடங்கு காலம் வாழ்ந்தனராம்! ஆனால் அந்தப் ‘பெறாதவர்கள்’ யார்? பழைய ஆஸ்பத்திரிக் குறிப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்த 1,000 பேர். தராசின் இரு தட்டுகளும் சமமாயிருந்தனவென்று எவ்வாறு நம்புவது? அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையார், சீட்டுக் குலுக்குவதுபோல் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 10 கிராம் வைட்டமினும் மற்றவர்க்குப் போலி மருந்தும் விழுங்கக் கொடுத்தனர். 1979, 1985 ஆகிய இரு தடவையும் பலன் காணவில்லை.

கதை அத்துடன் முடிந்ததா? இல்லை. விழுங்கிய வைட்டமினைக் குடல் ஓரளவுக்குமேல் ஏற்பதில்லை. இரத்தக் குழாயில் ஏற்றினாலோ அதன் அளவு பன்மடங்கு உயர்கிறது என்பது 2004-ல் தெளிவாயிற்று. காமெரன் முதலில் குழாயில் ஏற்றியவரன்றோ! அவ்வளவு மிகுதியில் அது ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்கிப் புற்றணுக்களைத் தாக்குவதையும் சோதனைச் சாலைகளில் கண்டனர். கேள்வி மீண்டும் உயிர்பெற்றது.

இதற்கிடையே கல்லீரல் புற்றுக்கு ஸொராஃபெனிப் என்ற மாத்திரை 2007-ல் அங்கீகாரம் பெற்றது. 602 பேரிடம் நடந்த பரீட்சையில், சரிபாதிப் பேர் உயிர்வாழ்ந்த காலம் 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமாக நீண்டது. 2020-ல் அதனினும் சிறந்த மருந்துகள் வந்துவிட்டன. சில மாதங்கள்தாமே என்று இகழலாகாது. அவை நிரூபிக்கப்பட்ட மாதங்கள். ஆதலின் ‘மருந்தா, வைட்டமினா?’ என்று கேட்பது தகாது. மருந்தை நிறுத்தாமல், அதனுடன் வைட்டமினைச் சேர்த்தால் மேலும் நன்மை உண்டா என்பதே கேள்வி. முதலில் சிலருக்கு அளவைச் சிறுகச் சிறுக உயர்த்தித் தீங்கு நேர்கிறதா என்று கவனிப்பார்கள். அதன் பின்னரே சீட்டும் இரு பிரிவும்.

ஏனெனில் தீங்கும் உண்டு. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு அது மேலும் கெடலாம். சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்தவர்க்கு இரத்தமே சிதையலாம்.

கல்லீரல் புற்றில் இச்சேர்க்கை ஆயுளை நீட்டுமென்று எந்தப் பெரிய பரீட்சையும் இன்னும் நிரூபிக்கவில்லை. ஆகையால், பரீட்சைக்கு அழைப்பு வந்தால் விசாரித்துச் சேரலாம். விளம்பரத்தை நம்பி வைத்தியர் தந்த மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.