நர்ஸ் முதலில் பார்ப்பது எதை?

பி.பி. கருவியைத் தொடுவதற்கு முன்பே நர்ஸின் பரிசோதனை ஆரம்பித்துவிடுகிறது. கண்ணாலேயே! 'சாப்பிட்டீங்களா?' என்று கேட்டால் நோயாளியிடமிருந்து ஒரே மூச்சில் பதில் வருகிறதா, திணறித் திணறி வருகிறதா? முட்டியில் கையூன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தால், மூச்சுக்குச் சிரமப்படுகிறார் என்று அர்த்தம். நம்மவர்களின் மாநிறத்தில் ரத்தசோகை சட்டென்று தெரியாது. அதனால்தான் கீழ் இமையின் உட்புறத்தையும் நாக்கையும் பார்க்கிறார்கள்.

வீட்டுப் பெரியவர்களையும் தினமும் இப்படி ஒரு நிமிஷம் பாருங்கள். திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, பேச்சு குழறுகிறதா? 'தூங்கி எழுந்தா சரியாயிடும்' என்று இருந்துவிடாதீர்கள். பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்!