கீழ்ப்படியாத மகனுக்கு மரண தண்டனையா?

தோரா இறைவன் அருளிய வேதம் என்பது யூதர்களின் நம்பிக்கை. அதில் 613 கட்டளைகள் இருப்பதாக அவர்களின் மரபு கணக்கிடுகிறது. கொலை செய்யாதே, களவு செய்யாதே போன்ற கட்டளைகளை ஏற்பதில் எவருக்கும் தயக்கமில்லை. ஆனால், படித்த மாத்திரத்தில் மனத்தை உலுக்கும் கட்டளைகளும் அதில் உண்டு. வேதத்தையும் விட முடியாது, மனசாட்சியையும் அடக்க முடியாது என்ற நிலையில் ஒரு நம்பிக்கையாளர் என்ன செய்வார்?

கட்டளை சொல்வது என்ன?

உபாகமம் 21-ஆம் அதிகாரம், 18 முதல் 21 வரையிலான வசனங்கள் அடங்காப்பிடாரியான மகனைப் பற்றிப் பேசுகின்றன. தண்டித்தும் திருந்தாமல், தாய் தந்தையின் சொல் கேளாமல், பெருந்தீனிக்கும் குடிக்கும் அடிமையான மகனைப் பெற்றோரே பிடித்து ஊர்ப் பெரியவர்களிடம் கொண்டுவர வேண்டும். ஊரார் அவனைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும். பெற்ற பிள்ளையைப் பலி கொடுக்கச் சொல்வதா இறைவனின் நீதி?

இந்தக் கேள்வி இன்று புதிதாக எழுந்ததல்ல. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பும், அதற்கு விரிவுரையான தல்மூதும் இதை விரிவாக அலசுகின்றன. யூத குருமார்களான ரப்பிகள் இந்தக் கட்டளையை நீக்கவில்லை. மாறாக, அதன் ஒவ்வொரு சொல்லையும் உற்று நோக்கினார்கள்.

ஒவ்வொரு சொல்லும் ஒரு பூட்டு

வசனம் மகன் என்கிறது. ஆகவே மகளுக்கு இது பொருந்தாது. சிறுவன் மீது சட்டப் பொறுப்பு இல்லை. வளர்ந்த ஆணோ மகன் என்ற சொல்லில் அடங்கமாட்டான். இடைப்பட்ட காலம் வெறும் மூன்று மாதங்களே. அவன் தந்தையின் பொருளைத் திருடி, வெளியிடத்தில், குறிப்பிட்ட அளவு இறைச்சியும் மதுவும் உட்கொண்டிருக்க வேண்டும். முதலில் மூன்று பேர் முன்னிலையில் எச்சரிக்கையும் கசையடியும் தரவேண்டும். மீண்டும் தவறு செய்தால்தான் 23 நீதிபதிகள் விசாரிப்பார்கள்.

தாய், தந்தை இருவரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் வழக்கு இல்லை. எங்கள் சொல்லைக் கேட்கவில்லை என்று இருவரும் சேர்ந்து முறையிடுவதால், தாயும் தந்தையும் குரலிலும் தோற்றத்திலும் உயரத்திலும் ஒத்திருக்க வேண்டும் என்று ரப்பி யூதாவின் கருத்தை தல்மூத் விளக்குகிறது. இத்தனையும் பொருந்தும் குடும்பம் எங்கே இருக்கிறது?

பிறகு ஏன் எழுதப்பட்டது?

அப்படி ஒருவன் இருந்ததும் இல்லை, இனி இருக்கப்போவதும் இல்லை. ஆராய்ந்து படித்து நற்கூலி பெறவே இது அருளப்பட்டது என்பது தல்மூத் பதிவு செய்யும் ஒரு கருத்து. ஆனால் ரப்பி யோனத்தான் இதை மறுத்தார். அப்படி ஒருவனைத் தாம் கண்டதாகவும், அவன் கல்லறைமேல் அமர்ந்ததாகவும் கூறினார். தல்மூத் இரண்டு கருத்துகளையும் அருகருகே வைத்திருக்கிறது. மாற்றுக் கருத்தை அது அழித்துவிடவில்லை.

இது விளக்கமா, நழுவலா என்று கேட்கலாம். எழுதப்பட்ட தோராவுடன் வாய்மொழி விளக்கமும் சீனாய் மலையில் மோசேக்கு வழங்கப்பட்டது என்பது ரப்பிகளின் நம்பிக்கை. எனவே, விளக்கம் இல்லாத வசனம் அவர்களுக்கு முழுமையான சட்டம் அல்ல. கண்ணுக்குக் கண் என்ற கட்டளையையும் அவர்கள் பண இழப்பீடு என்றே விளக்கினார்கள். காயம், வலி, மருத்துவம், வேலையிழப்பு, அவமானம் என ஐந்து வகையில் அந்த இழப்பீடு கணக்கிடப்பட்டது. கராயர் என்ற யூதப் பிரிவினரோ தல்மூதின் அதிகாரத்தை ஏற்பதில்லை. ஆக, இந்த விவாதம் யூதர்களுக்குள்ளேயே நெடுங்காலமாக நடக்கிறது.

ஜெர்மனியில் வாழ்ந்த ரப்பி சாம்சன் ரபேல் ஹிர்ஷ் (1808-1888) இப்பகுதியில் பிள்ளை வளர்ப்புக்கான பாடத்தைக் கண்டார். தாயும் தந்தையும் ஒரே குரலில் பேசாத வீட்டில், தவறு பிள்ளையுடையது மட்டுமல்ல. மகனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வந்த வசனம், கடைசியில் பெற்றோரையும் விசாரிக்கிறது.