ஏணியில் ஏறியவர் யாவர்?

ஓர் ஊரில் நூறு குடும்பங்கள் உள்ளன என்று வைத்துக் கொள்வோம். அவற்றுள் நாற்பது வறுமையில் உழன்றன. பத்தாண்டு கழித்து எண்ணுங்கால் இருபத்தைந்தே அந்நிலையில் இருந்தன. பதினைந்து குடும்பங்கள் கரையேறிவிட்டன என்று மகிழலாமா? அவசரம் ஆகாது. முப்பது குடும்பங்கள் ஏறி, நன்கு வாழ்ந்த பதினைந்து குடும்பங்கள் சரிந்திருப்பினும் விடை அதே இருபத்தைந்துதான்.

1950-இல் தொடங்கப்பெற்ற தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, நம் மக்களின் குடும்பச் செலவை ஆராயும்போது, ஒவ்வொரு முறையும் புதிய குடும்பங்களையே தேர்ந்தெடுப்பது வழக்கம். நாட்டின் பொதுநிலையை அறிய அது சிறந்த வழி. ஆயினும் விழுந்தவர் யார், எழுந்தவர் யார் என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. அதற்கு முன்பு தட்டிய கதவையே மீண்டும் தட்டவேண்டும்.

உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் மாவட்டத்தில் பாலன்பூர் என்னும் சிற்றூர் அவ்வகையில் புகழ் பெற்றது. 1957-58-இல் முதன்முதலாக ஆராயப்பட்ட அவ்வூருக்குப் பிற்காலத்திலும் ஆய்வாளர் பன்முறை சென்று வீடுதோறும் வரவு விசாரித்தனர். இத்தகைய ஆய்வில் கணக்கிடும் முறை கடினமன்று. குடும்பங்களை வருமானப்படி வரிசைப்படுத்தி ஐந்து சம பிரிவுகளாக்குவர். அடிப்பிரிவில் இருந்தோருள் எத்தனை பேர் அடுத்த முறையும் அங்கேயே கிடக்கின்றனர், எத்தனை பேர் மேலே சென்றனர் என்று கட்டம் போட்டு எண்ணுவர்.

எண்ணியதை நம்புவதுதான் கடினம். பாலன்பூரில் 1974-75 நல்ல விளைச்சல் கண்ட ஆண்டு. 1983-84-இல் விளைச்சல் குன்றிற்று. அவ்வாண்டு வரவு இளைத்த உழவர் உண்மையிலேயே தாழ்ந்துவிட்டாரா, அல்லது பருவம் செய்த வேலையா? ஓராண்டு வருமானத்தை மட்டும் கண்டு சொல்லிவிட இயலாது. அவருடைய நிலத்தையும் தொழிலையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

இதனினும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அது நம்மைப் போன்றோரைப் பற்றியது. இந்திய மானுட மேம்பாட்டு ஆய்வு 2004-05-இல் நாடெங்கும் 41,554 குடும்பங்களைக் கண்டது. 2011-12-இல் அவற்றுள் நூற்றுக்கு 83 குடும்பங்களே மீண்டும் அகப்பட்டன. நகரங்களில் அகப்படாதவை மிகுதி. வீட்டைப் பூட்டிக் கொண்டு வேற்றூர் போனவர் கணக்கிலிருந்தே நழுவிவிடுகின்றனர். ஏணியில் மிகுதியாக ஏறியவரும் இறங்கியவரும் அவர்களுள்ளேயே இருக்கக்கூடும் அல்லவா?

குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே பிழைக்க வந்தவர் நிலை இன்னும் விந்தையானது. ஆறு திங்களுக்கு மேல் வெளியே வாழ்பவர் பொதுவாக அவ்வீட்டு உறுப்பினராக எண்ணப்படுவதில்லை. அவர் அனுப்பும் பணம் தாயாரின் வரவில் ஏறும். வீடு ஒரு படி உயர்ந்ததாகக் கட்டத்தில் பதிவாகும். பணம் அனுப்பியவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதற்கு அங்கே கட்டமே இராது. அவர் குடியிருக்கும் நகரத்தில் என்றேனும் கணக்கெடுப்பவர் கதவைத் தட்டினாலும், முந்தைய கதை ஏதும் இல்லாத புதிய மனிதராகவே அவரை எழுதிக் கொள்வார்.