ஒரு சதப் புத்தகமும் நாலு டொலர்த் தபாற் செலவும்

பழைய புத்தகங்களிலே பிரியமுள்ளோர், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் 'அமேசான்' இணையச் சந்தையைப் பார்வையிட்டிருப்பின் ஒரு விந்தையைக் கண்டிருப்பர். கிழியாத, கறைபடாத நாவலொன்றின் விலை ஒரே ஒரு சதம்! அச்சுப் பிழையன்று, ஒரு டொலரை நூறு பங்காக்கினால் வரும் ஒரு பங்குதான். அந்த நாட்டிலே ஒரு சதத்துக்கு மிட்டாய் வாங்குவதும் அரிது. அப்படியிருக்க முந்நூறு பக்க நூலை ஒருவர் அவ்விலைக்குக் கொடுப்பது தருமத்துக்காகவா? அன்று. விலைக்குக் கீழே 'தபாற் செலவு 3 டொலர் 99 சதம்' என்று ஒரு வரி இருந்தது. வியாபாரம் முழுவதும் அந்த ஒரு வரியிலேதான் நடைபெற்றது.

இந்த 3 டொலர் 99 சதம் விற்பவர் வைத்த தொகையன்று. புத்தகம் மெலிந்ததாயினும் தடித்ததாயினும் இவ்வளவுதான் அறவிடலாம் என்று சந்தையே விதித்திருந்தது. வாங்குபவர் கொடுத்த நாலு டொலரிலிருந்து அமேசான் தன் பங்காக 1 டொலர் 35 சதத்தை எடுத்துக்கொண்டு, மிகுதி 2 டொலர் 65 சதத்தை விற்பவருக்குக் கொடுத்தது. அமெரிக்கத் தபாற் சேவையிலே நூல்களுக்கென ஒரு சலுகைக் கட்டணம் உண்டு. 1938ஆம் ஆண்டில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இறாத்தலுக்கு ஒன்றரைச் சதமென்று ஏற்படுத்திய அச்சலுகை, இன்று 'மீடியா மெயில்' என்னும் பெயருடன் நிலவுகின்றது. பெருந்தொகையாக அனுப்பும் வியாபாரிகளுக்கு அதனினும் குறைந்த கட்டணங்கள் இருந்தன. நூல்நிலையங்கள் கழித்துவிட்டவற்றையும், தருமக் கடைகளில் விலைபோகாதவற்றையும் இறாத்தற் கணக்கில் வாங்கிவந்து, பண்டகசாலையில் அடுக்கி, உறையிலிட்டு அனுப்பினால், எல்லாச் செலவும் போக ஒரு நூலுக்குச் சில சதங்கள் மிஞ்சின. ஆயிரம் பதினாயிரமாக அனுப்புவோருக்கு அச்சில சதங்களே ஒரு வருமானமாயின.

2017ஆம் ஆண்டில் அமேசான் தன் கட்டண விதியை மாற்றியது. புத்தகமொன்றுக்கு எடுக்கும் தொகை 1 டொலர் 80 சதமாயிற்று. அது மாத்திரமன்று; நூற்றுக்குப் பதினைந்து வீதத் தரகு அதுவரை நூலின் விலைமீது மட்டும் கணக்கிடப்பட்டது; இனித் தபாற் செலவையும் சேர்த்துக் கணக்கிடப்படுமென்று விதித்தனர். மாணவ நண்பர்கள் ஒரு கடதாசியை எடுத்துக் கணக்குப் பார்க்கலாம். நாலு டொலரில் 1 டொலர் 80 சதம் போயிற்று; நாலு டொலரின் பதினைந்து வீதமாகிய 60 சதமும் போயிற்று. கையில் நிற்பது 1 டொலர் 60 சதம். அவ்வேளையில் ஓர் இறாத்தல் நூலை மீடியா மெயிலில் அனுப்பவே இரண்டரை டொலருக்கு மேல் வேண்டும். ஒரு சதப் புத்தகம் அத்துடன் அருகி மறையலாயிற்று. 2024ஆம் ஆண்டிலோ அச்சலுகைக் கட்டணமே ஓர் இறாத்தலுக்கு நாலு டொலரைத் தாண்டிவிட்டது.

தபால் முத்திரைக்குக் கொடுக்கும் காசின்மீது சந்தைக்காரன் தரகு கேட்பது நியாயமா என்று கேட்கத் தோன்றும். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1995ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தொடங்கிய 'ஈபே' என்னும் ஏலச் சந்தையிலே, விற்ற விலைமீது மட்டுமே முன்பு தரகு அறவிடப்பட்டது. சில கெட்டிக்காரர் இதனைக் கண்டுகொண்டனர். முப்பது டொலர் பெறுமதியான பொருளுக்கு விலை ஒரு சதமென்றும், தபாற் செலவு 29 டொலர் 99 சதமென்றும் குறித்தனர். தரகு ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. மலிவான பொருள் எதுவென்று விலையை மட்டும் வைத்து வரிசைப்படுத்துவோர் கண்ணிலும் அந்தப் பொருளே முதலிற் பட்டது. ஒழுங்காக விலை குறித்தவன் பட்டியலின் அடியிலே கிடந்தான்.

ஈபே சும்மா இருக்கவில்லை. அளவு கடந்த தபாற் கட்டணம் கேட்கலாகாதென்றது. வாங்குவோர் தபாற் செலவுக்கென்றே தனியாக நட்சத்திரப் புள்ளி வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. 2008ஆம் ஆண்டில் புத்தகம், இசைத்தட்டு முதலியவற்றுக்கு உச்ச வரம்பு விதித்தது. இறுதியில் 2011ஆம் ஆண்டில், அமெரிக்காவில், தபாற் செலவையும் உட்படுத்திய மொத்தத் தொகைமீதே தரகு என்று முடிவு செய்தது. ஒளித்துவைக்க இடமில்லையெனில் ஒளிப்பவனும் இல்லை யென்பது அவர்கள் எண்ணம். அவ்வுபாயம் பலித்தது என்றே சொல்லவேண்டும். ஆனால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை முழுவதும் பொருந்தாவிடினும், கூரையில் ஒரு பகுதியாவது எரிந்துதான் போயிற்று. தபாற்கந்தோரில் கொடுத்ததை அப்படியே வாங்கியவனும் அந்தக் காசுக்குத் தரகு கட்டவேண்டியவனானான்.

கனமான பொருளை விற்பவனுக்கே இதன் பாரம் அதிகம். கைவினைப் பொருட்களுக்குப் பெயர்பெற்ற 'எட்சி' என்னும் சந்தையில் மட்பாண்டம் விற்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். பூச்சாடியின் விலை இருபது டொலர். உடையாமற் பொதிசெய்து அனுப்பப் பத்து டொலர். 2018ஆம் ஆண்டு ஜூலை மாதம்வரை தரகு மூன்றரை வீதம். அதுவும் இருபது டொலருக்கு மட்டும். ஆகவே 70 சதம். அம்மாதத்தில் தரகு ஐந்து வீதமாகித் தபாற் செலவையும் தழுவிற்று. முப்பது டொலருக்கு ஒன்றரை டொலர். 2022 ஏப்ரலில் ஆறரை வீதமாகியபோது அதுவே 1 டொலர் 95 சதம். சாடி அதே சாடி. தபாற் செலவும் மாறவில்லை என்றே கொள்வோம். தரகு மட்டும் மூன்று மடங்கை நெருங்கிவிட்டது.

இதற்கிடையே 2019 ஜூலையில் எட்சி வேறொரு விதியையும் புகுத்தியது. அமெரிக்காவுக்குள் 35 டொலருக்கு மேல் வாங்குவோருக்குத் தபாற் செலவு இலவசமென்று உறுதியளிக்கும் கடைகளே தேடுவோர் கண்ணுக்கு முதலில் காட்டப்படுமாம். கட்டாயமில்லை என்றார்கள். ஆனால் தெருவோரக் கடையைச் சந்தின் உள்ளே தள்ளிவிட்டு, 'விரும்பினால் இங்கேயே இரும்' என்பது எவ்வகைச் சுதந்திரம்?

அமெரிக்கத் தபாலிலே பொதியின் கட்டணம் நிறையைப் பொறுத்தது மட்டுமன்று, தூரத்தையும் பொறுத்தது. வடகிழக்கு மூலையிலுள்ள மெயின் மாகாணத்திலிருந்து பக்கத்து ஊருக்கு அனுப்பும் சாடிக்கும், மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியாவுக்கு அனுப்பும் சாடிக்கும் கட்டணம் பெரிதும் வேறுபடும். இலவசமென்று எழுதவேண்டுமாயின், விற்பவர் ஒரு சராசரியைக் கண்டு விலையோடு சேர்க்கவேண்டும். அப்பொழுது பக்கத்து ஊரார் கலிபோர்னியாக்காரரின் முத்திரைக்கும் சேர்த்துப் பணம் கட்டுகின்றனர். அதனை அறியாமல் 'இலவசம்' என்று மகிழ்கின்றனர். நம் தமிழ்ப் புத்தக விளம்பரங்களின் அடியிலே 'தபாற் செலவு தனி' என்று போடுவார்களே, அந்த இரண்டு சொற்களில் இருந்த நேர்மை இதில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

2022 ஏப்ரல் 11ஆம் திகதி, ஆறரை வீதத் தரகு நடைமுறைக்கு வந்த அன்றே, எட்சியில் ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் தம் கடைகளை 'விடுமுறை' என்று மூடி ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். வாரம் முடிந்ததும் கடைகள் திறந்தன. ஆறரை வீதம் குறைக்கப்படவில்லை. தபாற் செலவுக்கு விலக்கும் கிடைக்கவில்லை.