கல் சுமந்தவரும் கதவு திறந்தவரும்

கோட்டை கட்டுவோர் சில சமயம் பகைவனுக்காகவே கட்டிவிடுகின்றனர். செர்பிய தேசத்து ஸ்மெதெரெவோ கோட்டையின் சரித்திரம் இதற்குச் சான்றாகும்.

1427இல் பெல்கிரேட் நகரை ஹங்கேரிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்த ஜுராஜ் பிராங்கோவிச் என்னும் அரசர், டான்யூப் நதியும் யெஸாவா ஆறும் கூடுமிடத்தில் புதிய தலைநகரம் அமைக்கத் துணிந்தார். மறு ஆண்டு வேலை தொடங்கிற்று. முக்கோண வடிவில் 25 கோபுரங்களுடன் கோட்டை எழுந்தது. கல் சுமந்தவர் யார்? ஏழைக் குடிகள். அவர்கள் பட்ட துன்பத்தை ஜனங்கள் மறக்கவில்லை. ராணியைச் 'சபிக்கப்பட்ட யெரினா' என்றே நாடோடிப் பாடல்கள் தூற்றின.

இத்தனை பாட்டுக்கும் பலன் என்ன? 1439இல் ஸுல்தான் முராத் முற்றுகையிட்டுக் கோட்டையைப் பிடித்தார். 1444இல் உடன்படிக்கையால் அது திரும்பக் கிடைத்தது. 1458இல் லாஸார் மன்னர் இறந்தபின், பிரபுக்களில் ஒரு கட்சியார் ஹங்கேரியை நம்பினர். மற்றொரு கட்சியார் துருக்கியை நம்பினர். சொந்த ஜனங்களை நம்பியவர் எவர்? 1459 ஜூன் 20ஆம் தேதி, போரின்றியே, ஸுல்தான் மெஹ்மதுக்குக் கதவு திறந்தது. பின்னர் துருக்கர் அங்கே பீரங்கிக் கோபுரங்களும் சேர்த்தனர்.

அடிமைத்தளை மூன்றரை நூற்றாண்டு நீடித்தது. 1804இல் கிளர்ந்தெழுந்தவர்களோ குடியானவர்கள். தலைவர் காராஜோர்ஜே பன்றி வியாபாரி. மறு ஆண்டே கோட்டை அவர்கள் வசமாயிற்று. 1813இல் அதை இழந்தும் தளரவில்லை. 1867இல் துருக்கப் படை வெளியேறிற்று.

பிரபுக்களின் பிளவால் போன கோட்டையை, கல் சுமந்தவர்களின் சந்ததியார் மீட்டனர். அந்நியனைத் துணைக்கழைத்து ஸ்வதந்திரம் காக்க எண்ணுவோர் இதனை நினைவில் இருத்துவார்களாக.