ஃப்ளூ காய்ச்சல்: மாத்திரை இருக்க ஊசி எதற்கு?

‘‘டாக்டரய்யா, ஃப்ளூ காய்ச்சலுக்கு வருஷா வருஷம் தடுப்பூசி போட்டுக்கணும்னு சொல்றாங்க. அதான் மாத்திரை வந்துடுச்சே... காய்ச்சல் வந்தா அஞ்சு நாள் முழுங்கிட்டா போச்சு! ஊசி எதுக்கு?’’

சம்பா நடவு முடிந்து ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால், எங்கள் ஒரத்தநாட்டுப் பக்கம் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். நியாயமான கேள்விதான். ‘இங்கிலீஷ் மாத்திரையைப் பற்றி சித்த வைத்தியருக்கு என்ன பேச்சு?’ என்று நீங்கள் நினைக்கலாம். கிராமத்தில் காய்ச்சல் என்றால் பாதிப் பேர் முதலில் தட்டுவது எங்கள் கதவைத்தான். யாருக்குக் கஷாயம் போதும், யாரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். யூகி முனிவர் காய்ச்சலை 64 வகையாகப் பிரித்துச் சொன்னதும், எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது என்பதால்தானே!

மூக்கு ஒழுகலா, ஃப்ளூவா?

சாதாரண ஜலதோஷம் மெல்ல வரும். தும்மல், மூக்கு ஒழுகல்... வேலைக்கும் போய்க்கொண்டிருப்பீர்கள். ஃப்ளூ அப்படி இல்லை. காலையில் நன்றாக இருந்தவர் சாயங்காலம் அடித்துப் போட்ட மாதிரி படுத்துவிடுவார். கொதிக்கும் காய்ச்சல், உடம்பெல்லாம் வலி, தலைவலி, வறட்டு இருமல். 2009-ல் பன்றிக் காய்ச்சல் என்று உலகையே நடுங்கவைத்த எச்1என்1 கிருமி இன்றும் நம்மோடு சாதாரண ஃப்ளூவாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. வடநாட்டின் பல ஊர்களில் ஆடி, ஆவணி மழையோடு ஃப்ளூ ஏறும். நம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடுதான் அதிகம்.

மாத்திரை என்ன செய்கிறது?

இந்த மருந்தின் பெயர் ஒசல்டாமிவிர். ‘டாமிஃப்ளூ’ என்ற பெயரில் 1999-ல் வந்தது. ஃப்ளூ கிருமி நம் உடம்பின் செல்லுக்குள் நுழைந்து குட்டி போடும். குட்டிகள் வெளியே வந்து அடுத்த செல்லுக்குத் தாவ, ஒரு கட்டை அறுத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கிருமியிடம் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. மாத்திரை அந்தக் கத்தரிக்கோலை மழுங்கடித்துவிடுகிறது. அவ்வளவுதான்! ஏற்கெனவே பரவிவிட்ட கிருமியை அது கொல்வதில்லை.

ஆகவே காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாள். சரியாக ஆரம்பித்தாலும் மற்றபடி ஆரோக்கியமானவருக்குக் காய்ச்சல் குறைவது ஏறக்குறைய ஒரு நாள்தான். சிலருக்குக் குமட்டல், வாந்தி வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

இப்போது நம் வீட்டு நடப்பைப் பாருங்கள். முதல் நாள் மிளகு ரசம், இரண்டாம் நாள் மெடிக்கலில் கேட்டு வாங்கிய கலர் மாத்திரை, மூன்றாம் நாள் மந்திரிப்பு, நான்காம் நாள்தான் டாக்டர்! அந்த 48 மணி நேரம் எப்போதோ போயாச்சு. கடையில் கொடுக்கும் ஆன்டிபயாடிக் ஃப்ளூ கிருமியை ஒன்றும் செய்யாது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

வரும் முன்னே மாத்திரை போட்டால்?

‘‘அப்ப காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே போட்டுக்கறேன்’’ என்பார்கள் சிலர். அந்த வழியும் உண்டு. வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ வந்து, மற்றவர்கள் தினம் ஒரு மாத்திரை வீதம் 10 நாள் சாப்பிட்டால், 100-க்கு 70 முதல் 90 வரை தடுப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. தடுப்பூசியோ, அந்த ஆண்டுக் கிருமியோடு நன்றாகப் பொருந்தினால் 40 முதல் 60 சதவீதம்.

‘மாத்திரைதானே ஜெயிக்கிறது!’ என்று துள்ள வேண்டாம். மாத்திரையின் காவல் அதைச் சாப்பிடும் நாள்களுக்கு மட்டும். நிறுத்திய சில நாளில் காவலும் போச்சு. பஸ்ஸில், கல்யாண வீட்டில், நடவு வயலில் யாரிடமிருந்து எப்போது ஒட்டும் என்று யாருக்குத் தெரியும்? மூன்று மாத மழைக்காலம் முழுக்கத் தினமும் மாத்திரை விழுங்க முடியுமா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. கிருமி மருந்தைப் பழகிக்கொள்ளும். அமன்டடின் என்ற பழைய ஃப்ளூ மருந்து அப்படித்தான் செல்லாக்காசானது. 2008 ஜனவரியில் நார்வே நாட்டில், ஒசல்டாமிவிருக்கு மசியாத ஃப்ளூ கிருமி பரவுவதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் அந்த வகை எச்1என்1 கிருமிகள் அநேகமாக எல்லாமே மருந்துக்கு அடங்காதவை ஆகிவிட்டன. நல்லவேளை, 2009-ல் வந்த புதுக் கிருமி பெரும்பாலும் மருந்துக்கு மசிந்தது. அப்போது நம் அரசு இந்த மாத்திரையைக் கடையில் விற்கவிடாமல், அரசு மருத்துவமனை வழியாகவே கொடுத்தது இதை மனதில் வைத்துத்தான். 2017-லிருந்து டாக்டர் சீட்டு இருந்தால் கடையில் கிடைக்கிறது. சீட்டில்லாமல் கேட்காதீர்கள்.

ஊசி யாருக்கு?

டெல்டாக்காரர்களுக்கு ஒரு வார்த்தையில் புரியும்படி சொல்கிறேன். மழைக்கு முன்னாடி ஆற்றங்கரையைப் பலப்படுத்துவது ஊசி. உடைப்பு எடுத்தவுடன் மணல் மூட்டை அடுக்குவது மாத்திரை. மூட்டை இருக்கிறதே என்று கரையைக் கவனிக்காமல் விடுவோமா?

கிருமி வேஷம் மாற்றிக்கொண்டே இருப்பதால், உலக சுகாதார நிறுவனம் வருடத்தில் இரண்டு முறை ஊசியில் சேர்க்க வேண்டிய வகைகளைச் சொல்கிறது. அதனால்தான் வருடா வருடம் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பலன் தொடங்கும். ஆகவே அடைமழைக்கு முன், புரட்டாசியிலேயே போட்டுக்கொள்வது நல்லது. ஊசி போட்டும் சிலருக்குக் காய்ச்சல் வரலாம். ஆனால் நிமோனியா, ஆஸ்பத்திரி என்று போகும் அபாயம் குறையும்.

அவசியம் டாக்டரிடம் கேட்க வேண்டியவர்கள்:

* கர்ப்பிணிகள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. தாய் போட்டுக்கொண்டால் பிறக்கும் பிள்ளைக்கும் காவல்.
* 65 வயது தாண்டியவர்கள், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.
* சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம், ஈரல் நோய் உள்ளவர்கள்.

முன்பு இந்த ஊசியால் கடும் ஒவ்வாமை வந்தவர்கள், ஊசி போட்டு இரண்டு வாரம் ஆவதற்குள் நோயாளியோடு பழக நேர்ந்தவர்கள், எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்கள்... இவர்களுக்குத்தான் தடுப்பு மாத்திரை கைகொடுக்கும். அதுவும் டாக்டர் சொன்னால்.

அன்னாசிப்பூவும் நிலவேம்பும்

ஒசல்டாமிவிர் தயாரிக்க மூலப்பொருள், நாம் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுத்த ஷிகிமிக் அமிலம். உடனே சிலர் அன்னாசிப்பூவை வேகவைத்துக் குடிக்கக் கிளம்பிவிட்டார்கள்! அந்த அமிலம் பல கட்ட வேதிவினைக்குப் பிறகுதான் மருந்தாகிறது. அன்னாசிப்பூ மணம் தரும். மாத்திரை வேலையைச் செய்யாது.

‘‘நிலவேம்பு குடிக்கிறேனே, போதாதா?’’ என்று என்னிடமே கேட்பவர்கள் உண்டு. நிலவேம்பு, வெட்டிவேர், விளாமிச்சு, பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சந்தனம், சுக்கு, மிளகு சேர்ந்த ஒன்பது சரக்குக் குடிநீர் இது. காய்ச்சல், உடல்வலிக்கு நாங்கள் கொடுக்கும் நல்ல மருந்து. 2020-ல் அரசே கபசுரக் குடிநீரோடு இதையும் வீதி வீதியாக வழங்கியது. ஆனால் தடுப்பூசிக்குப் பதில் இது என்று நான் சொல்ல மாட்டேன். 48 மணி நேரத்தைக் கஷாயத்திலேயே கழித்துவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் நிலவேம்பைத் தொடவே வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும்?

லேசான காய்ச்சல், இருமல் மட்டும் என்றால் ஆரோக்கியமானவருக்கு மாத்திரையே தேவையில்லை. ஓய்வு, கஞ்சி, வெந்நீர், ரசம் சாதம் போதும். தனிப் படுக்கை, தனி டம்ளர். இருமும்போது துண்டால் வாயை மூடுங்கள். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

மேலே சொன்ன பட்டியலில் உள்ளவர் என்றால், காய்ச்சல் லேசாக இருந்தாலும் முதல் நாளே டாக்டரைப் பாருங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம், மயக்கம், நகம் நீலம் பாரித்தல், குழந்தை பால் குடிக்காமல் துவளுதல்... இதில் ஒன்று தெரிந்தாலும், நடுராத்திரியானாலும், ஒரத்தநாடு அரசு மருத்துவமனைக்கோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கிளம்பிவிடுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நிலையில் 48 மணி நேரம் தாண்டியிருந்தாலும் மாத்திரை கொடுப்பார்கள், பலனும் இருக்கும். ‘விடியட்டும், பார்த்துக்கலாம்’ மட்டும் வேண்டாம்.