மணிக்கூண்டுக்கு அருகே ஒரு முகவரி

‘தீவாந்தரம் போய்விட்டான்’ என்றுதான் என் தந்தையாரைப் பற்றி ஊரார் பேசினராம். ராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சென்னைக்கு வந்து, கப்பலேறி, ஏறத்தாழ 1,200 கி.மீ. கடலைக் கடந்து, போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதினார் அவர். பள்ளிப் பருவத்தில் இரண்டு ஆண்டுகள் அவருடன் நானும் அங்கே தங்கியிருந்தேன். பாட்டியையும் கைக்குழந்தையான தங்கையையும் பார்த்துக்கொள்ள அம்மா ஊரிலேயே இருந்துவிட்டார். தம்மை ஒருமுறையேனும் அழைத்துச் செல்லவில்லையே என்ற மனக்குறை, அப்பா மறைந்த பின்னரும் அவருக்குத் தீரவில்லை.

சென்ற டிசம்பரில் அம்மா, தங்கை குடும்பத்தினர், என் மனைவி, மகள் என எண்மராகப் புறப்பட்டோம். அப்பா மூன்று நாள் கப்பலில் கடந்த தொலைவை விமானம் இரண்டரை மணி நேரத்திற்குள் கடந்துவிட்டது. 2024 செப்டம்பரில் ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட நகரம் அது. ஆயினும் பஜாரில் பழைய பெயரும் வழங்குகிறது; வங்காளமும் இந்தியும் தெலுங்கும் ஒலிக்கும் அத்தெருக்களில் தமிழும் தாராளமாகக் கேட்கிறது.

முதல் நாள் செல்லுலார் சிறைக்குச் சென்றோம். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட இச்சிறையின் ஏழு சிறகுகளில் இன்று எஞ்சியிருப்பவை மூன்றே. ஒரு சிறகின் அறைவாயில்கள் அடுத்த சிறகின் முதுகுப்புறத்தையே நோக்கும். கைதிகள் ஒருவர் முகத்தை மற்றவர் காணக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. 1979 முதல் இது தேசிய நினைவுச்சின்னம். அருகில், கடலோரத்தில், அபர்டீன் போரின் நினைவுத்தூண் நிற்கிறது. 1859 மே 17 அன்று வில்லும் அம்பும் ஏந்தி ஆங்கிலேயரின் துப்பாக்கிகளை எதிர்த்த அந்தமான் பழங்குடியினரின் நினைவாக எழுப்பப்பட்டது அது. அன்று ஆயிரக்கணக்கில் வாழ்ந்த அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்று சில பத்துப் பேரே.

மறுநாள், 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப்படும் ராஸ் தீவு. ஆங்கிலேயர் ஆட்சியின் தலைமையிடமாக விளங்கிய மாளிகைகளையும் தேவாலயத்தையும் மரவேர்கள் தழுவிக்கொண்டிருந்தன. குழந்தைகள் மான்களின் பின்னே ஓடினர். அம்மா மட்டும் படகுத்துறையிலேயே அமர்ந்து, எதிர்க்கரையில் தெரிந்த நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, உங்க அப்பா இருந்த இடத்தை எப்பக் காட்டுவே?” என்றார் திரும்பும்போது.

அன்று மாலையே பஜாருக்குச் சென்றோம். மணிக்கூண்டின் கீழே நின்றதும் அம்மா தம் கைப்பையிலிருந்து பழுப்பேறிய ஒரு தாளை எடுத்தார். அப்பா அனுப்பிய மணியார்டரின் அடித்தாள். ‘மணிக்கூண்டுக்கு அருகே’ என்ற முகவரியும், ‘பணம் கிடைத்ததும் கடிதம் எழுதவும்’ என்ற ஒரு வரியும் அதிலிருந்தன. அத்தகைய அடித்தாள்கள் அனைத்தையும் அவர் சேர்த்து வைத்திருக்கிறார் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

ஜவுளிக்கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. உரிமையாளரிடம் விவரம் சொன்னதும் மாடிக்குப் போய்ப் பார்க்க அனுமதித்தார். செங்குத்தான மரப்படி, மேலே அட்டைப்பெட்டிகள் அடுக்கிய, ஒற்றைச் சன்னல் கொண்ட சிற்றறை. பாயை விரித்தால் கதவைத் திறக்க இயலாது.

“இதுக்குள்ளயா ரெண்டு பேரும் இருந்தீங்க?” என்று கேட்ட அம்மா, சுவரைத் தொட்டபடி சற்று நேரம் நின்றார். பிறகு, “நல்லவேளை, என்னைக் கூட்டிட்டு வரலை” என்றார். அந்த மனக்குறையைப் பற்றி அவர் அதன்பின் பேசவில்லை.

கீழே இறங்கி இளநீர் குடித்தோம். மகள் கைப்பேசியால் பணம் செலுத்தினாள். செயற்கைக்கோளை மட்டுமே நம்பியிருந்த இத்தீவுகளுக்கு, சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளக் கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. “அவருக்குப் பணம் போய்ச் சேந்துச்சா?” என்று அம்மா கேட்டார். “அப்பவே போயிடுச்சு அப்பத்தா” என்றாள் மகள். அடித்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார் அம்மா.

பயணம் செல்வோர் கவனத்திற்கு

குளிர்காலத்தில் மாலை ஐந்தரை மணிக்குள் இருட்டிவிடும். ஆகவே காலையிலேயே கிளம்புவது நன்று. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகுகள் நிறுத்தப்படலாம். திரும்பும் நாளுக்கு முன்னர் ஒரு நாளை ஒதுக்கி வையுங்கள். வெளித்தீவுகளுக்குச் செல்கையில் சிறிது ரொக்கமும் கைவசம் இருக்கட்டும். பவளத்துண்டுகளைக் கரையிலிருந்து எடுத்து வருவது சட்டப்படி குற்றம்.